நாயின் நாடாப்புழு குழந்தைக்கு வருமா? விலங்குகளின் குடற்புழுக்கள் மனிதரை அடையும் வழிகள்

இரண்டு வயதுக் குழந்தையின் மலத்தில் வெள்ளையாகச் சிறு துண்டுகள் நெளிகின்றன. பூச்சி மருந்து இரண்டு தடவை கொடுத்தும் நிற்கவில்லை. மலப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. வீட்டில் ஒரு நாய்க்குட்டி இருக்கிறது. நாயின் புழு மனிதருக்கு வருமா, வேறு எந்தெந்த விலங்குகளிடமிருந்து இப்படி வரும், நாயை வீட்டைவிட்டு அனுப்பிவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒட்டுண்ணிகளுக்கான பரிசோதனைக் கூடத்தில் மல மாதிரிகளைப் பார்ப்பது என் வேலை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வரும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது டிப்பிலிடியம் கேனைனம் என்ற நாடாப்புழுவை. நாய், பூனைகளின் சிறுகுடலில் வாழ்கிற இது அரை மீட்டருக்கு மேலும் வளரும். உடல் முழுவதும் வரிசையாகக் கோத்த துண்டுகள்தாம். முட்டை நிரம்பி முற்றிய கடைசித் துண்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று மலத்தோடு வெளியேறும்; சில சமயம் தாமாகவே ஆசனவாய் வழியே ஊர்ந்தும் வந்துவிடும். ஈரமாக இருக்கும்போது வெள்ளரி விதை போலவும், காய்ந்தபின் அரிசி மணி போலவும் தெரியும். நீளம் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர். புதிதாக வெளியே வந்த துண்டு சுருங்கி நீண்டு அசையும். பார்க்கிறவர்களுக்குப் பதற்றமாகத்தான் இருக்கும். ஆனால் இந்தப் புழு குழந்தைக்குச் செய்யும் கெடுதல் குறைவு. பல குழந்தைகளுக்கு எந்தத் தொந்தரவுமே இருக்காது; சிலருக்கு ஆசனவாய் அரிப்பு, வயிற்றுவலி, பசிக்குறைவு, எரிச்சல் இருக்கும்.

பரிசோதனையில் ஏன் எதுவும் தெரியவில்லை? இந்தப் புழுவின் முட்டைகள் சிறு பொதிகளாக, துண்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கின்றன. துண்டு சிதையாமல் முழுசாக வெளியேறிவிடுவதால் மலத்தில் முட்டை கலப்பதே அபூர்வம். மலத்திலிருந்து ஒரு துளியை எடுத்துக் கண்ணாடியில் தேய்த்துப் பார்க்கிறவருக்கு எதுவும் கிடைக்காமல் போவதில் ஆச்சரியமில்லை. துண்டையே கையில் கொடுத்தால் ஒரு நிமிட வேலை. இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொரு இனப்பெருக்கத் துளை இருக்கும். மாட்டிறைச்சி, பன்றியிறைச்சியிலிருந்து வரும் நாடாப்புழுக்களுக்கு ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். துண்டை அழுத்தினால் முட்டைப்பொதிகள் பிதுங்கி வரும். அதற்குமேல் சந்தேகத்துக்கு இடமில்லை.

மருந்து ஏன் பலிக்கவில்லை என்பதற்கும் விளக்கம் எளியது. குழந்தையின் மலத்தில் வெள்ளையாக ஏதோ நெளிகிறது என்றால் எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது நூற்புழு. அதற்கு அல்பெண்டசோல் அல்லது மெபெண்டசோல் கொடுப்பார்கள். அந்த மருந்துகள் நூற்புழுவுக்கும் உருளைப்புழுவுக்கும் நல்லவை. இந்த நாடாப்புழுவை அவை நம்பகமாக அகற்றுவதில்லை. இதற்கான மருந்து பிராசிகுவான்டல். உடல் எடையில் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம் வீதம் ஒரே வேளை கொடுப்பது வழக்கம். நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளில் இந்த மருந்தின் அனுபவம் பெரியவர்களில் இருக்கும் அளவுக்கு இல்லை என்பதால், கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காமல் குழந்தைகள் மருத்துவர் எடை பார்த்து முடிவு செய்வதே முறை. மருந்து கொடுத்தபின் புழு வெளியே வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். அது குடலுக்குள்ளேயே சிதைந்து செரித்துப்போகும். அடுத்த ஒன்றிரண்டு மாதங்களில் துண்டுகள் மறுபடி தென்படாமலிருந்தால் போய்விட்டது என்று பொருள்.

நூற்புழுவையும் இதையும் கண்ணாலேயே பிரித்தறியலாம். நூற்புழு ஒரு முழுப் புழு. நூலிழை அளவு மெல்லியது, வால் கூர்மையாக முடியும், பெரும்பாலும் இரவில் ஆசனவாயைச் சுற்றி வரும். நாடாப்புழுவின் துண்டு தட்டையானது, தடித்தது, இரு முனையும் மழுங்கியது. நல்ல வெளிச்சத்தில் எடுத்த ஒரு ஃபோட்டோகூட மருத்துவருக்கு உதவும்.

நாயிடமிருந்து இது குழந்தைக்கு எப்படி வந்தது என்பதுதான் முக்கியமான இடம். நாயின் மலத்தைத் தொட்டதாலோ, நாய் வெளியேற்றிய புழுத்துண்டிலிருந்த முட்டை வாய்க்குள் போனதாலோ அல்ல. அந்த முட்டை மனிதருக்குள் போனால் எதுவும் நடக்காது. நடுவில் ஒரு தெள்ளுப்பூச்சி வேண்டும். நாயின் படுக்கையில், தரை விரிப்பில் வளரும் தெள்ளின் இளம்புழு அந்த முட்டையைத் தின்கிறது. அது வளர்ந்து தெள்ளாகும்போது நாடாப்புழுவின் இளம்பருவமும் அதற்குள் தயாராகிவிடுகிறது. நாய் உடம்பைக் கடித்துச் சொறியும்போது தெள்ளை விழுங்கும். நாயோடு தரையில் புரளும் குழந்தையின் விரலிலோ, நாய் நக்கிய முகத்திலோ ஒட்டியிருந்த தெள்ளு வாய்க்குள் போனாலும் அதேதான். ஏறக்குறைய ஒரு மாதத்தில் துண்டுகள் வெளிவரத் தொடங்கும். இந்த நோய் பெரும்பாலும் கைக்குழந்தைகளிலும் தவழ்கிற, தத்தி நடக்கிற குழந்தைகளிலும் காணப்படுவதன் காரணம் இதுதான்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதே இடத்திலிருந்துதான் பதில் தொடங்குகிறது. விலங்குகளின் குடற்புழுக்கள் மனிதருக்கு வந்த சம்பவங்களைப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் விலங்கு நேரடியாகக் கொடுப்பதில்லை. தெள்ளு, வண்டு, கரப்பான், மீன், நத்தை, நீர்த்தாவரம் என்று நடுவில் ஒன்று இருக்கும். விலங்கைத் தேடுகிறவர்கள் அந்த நடுவாளைத் தவறவிடுகிறார்கள். என்ன விலங்கு இருக்கிறது என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், வாய்க்குள் என்ன போனது என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

எலியின் நாடாப்புழுவான ஹைமெனோலெப்பிஸ் டிமினுட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். எலிப் புழுக்கையிலிருக்கும் முட்டையை, தானியத்திலும் மாவிலும் வாழும் சிறு வண்டுகள் தின்கின்றன. அந்த வண்டு சரியாக வேகாத உணவோடு வயிற்றுக்குள் போனால் புழு மனிதக் குடலில் வளரும். இங்கே எலிப்பொறி வைப்பதைவிடத் தானியத்தைச் சலித்து மூடிவைப்பது பெரிய தடுப்பு. இதன் நெருங்கிய உறவான ஹைமெனோலெப்பிஸ் நானா அளவில் மிகச் சிறியது, சில சென்டிமீட்டர்தான். ஆனால் நடுவில் எந்தப் பூச்சியும் இல்லாமலேயே மனிதரிலிருந்து மனிதருக்குப் பரவக்கூடியது. அதைவிட முக்கியம், முட்டை வெளியே போகாமல் அதே குடலுக்குள்ளேயே பொரிந்து அடுத்த தலைமுறையைத் தொடங்கிவிடும். நாடாப்புழுக்களில் இது அரிய திறமை.

அந்தத் திறமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மருத்துவ உலகம் மறக்காத ஓர் உதாரணம் உண்டு. 2013இல் கொலம்பியாவின் மெடலின் நகரில் எச்.ஐ.வி. தொற்றுள்ள 41 வயது ஆண் ஒருவர் மருத்துவமனைக்கு வந்தார். நுரையீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் கட்டிகள். புற்றுநோய் போலவே பரவியிருந்தன. ஆனால் அந்த உயிரணுக்கள் மனித உயிரணுக்களைவிட மிகச் சிறியவையாக இருந்தன. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் மரபணுவை ஆராய்ந்தபோது அவை ஹைமெனோலெப்பிஸ் நானாவுக்குரியவை என்று தெரிந்தது. நாடாப்புழுவின் உயிரணுக்களே புற்றாக மாறி மனித உடலில் பரவியிருந்தன. நோயாளி பிழைக்கவில்லை. 2015இல் இது வெளியிடப்பட்டது. இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல; உங்கள் குழந்தையின் புழு இது அல்ல, அந்த நோயாளியின் எதிர்ப்பாற்றல் மிகவும் குலைந்திருந்தது. எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்குக் குடற்புழு என்றால், சாதாரணமானதுதானே என்று தள்ளிப்போடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

குரங்குகளின் நாடாப்புழுவான பெர்டியெல்லாவும் அவ்வப்போது மனிதரில் தென்படுகிறது. மண்ணில் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள்தாம் அதன் நடுவாள். எலிகளுக்கும் பன்றிகளுக்கும் உரிய முட்தலைப் புழுக்களுக்குக் கரப்பானும் வண்டும் நடுவாள். இத்தாலியில் 1888இல் கலன்ட்ருச்சோ என்ற ஆராய்ச்சியாளர் முட்தலைப் புழுவின் இளம்பருவங்களைத் தாமே விழுங்கிச் சோதித்தார். மூன்று வாரத்துக்குள் கடும் வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் அவரைப் பிடித்தன. பன்றிக்குரிய வகை முள்நிறைந்த தலையைக் குடல்சுவரில் பதித்துக்கொள்ளும். குடலைத் துளைத்து அவசர அறுவைச் சிகிச்சை வரை போனதும் உண்டு. தவழும் குழந்தை கையில் கிடைத்த பூச்சியை வாயில் போட்டது என்ற தகவல் பெற்றோருக்கு அற்பமாகத் தோன்றும். பரிசோதனைக் கூடத்துக்கு அது பொன்னான தகவல்.

மீன் வழியே வருகிறவை தனி உலகம். திமிங்கலம், டால்ஃபின் போன்ற கடல் பாலூட்டிகளின் வயிற்றில் வாழ்கிற அனிசாகிஸ் என்ற உருளைப்புழு, மீன்களின் உடலில் சுருண்ட இளம்புழுவாக இருக்கும். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ அந்த மீனைத் தின்றால் சில மணி நேரத்துக்குள் மேல்வயிற்றில் தாங்கமுடியாத வலி வரும். இரண்டு சென்டிமீட்டர் அளவுள்ள ஒரே ஒரு புழு இரைப்பைச் சுவரில் தலையை நுழைக்கப் பார்ப்பதன் விளைவு அது. மனிதரில் இது வளராது, முட்டையிடாது, சில வாரங்களில் செத்துவிடும். அதனால் மலத்தைச் சோதிப்பதில் எந்தப் பயனும் இல்லை. எண்டோஸ்கோபி மூலம் புழுவைப் பிடித்து இழுத்துவிட்டால் வலி உடனே அடங்கும். நெதர்லாந்தில் உப்பு லேசாகப் போட்ட ஹெர்ரிங் மீனைத் தின்றவர்களின் குடலில் இதைக் கண்டறிந்து 1960இல் வெளியிட்டார்கள். அந்த நாடு 1968இல் ஹெர்ரிங் மீனை உறையவைக்க வேண்டும் என்று சட்டம் போட்டது, நோய் அங்கே ஏறக்குறைய மறைந்தது. பச்சையாக உண்ணப்படும் மீனை மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் குறைந்தது 24 மணி நேரம் வைக்கச் சொல்கிறது ஐரோப்பிய விதி. அமெரிக்க வழிகாட்டுதல் அதே குளிரில் ஏழு நாள் கேட்கிறது. வீட்டிலுள்ள குளிர்ப்பெட்டி அந்தக் குளிருக்குப் போகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவைத்தால் போதும் என்ற நம்பிக்கை தவறு. இரைப்பை அமிலத்தையே தாங்குகிற புழுவுக்கு வினிகர் ஒரு பொருட்டல்ல. செத்த புழுவேகூட சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையைத் தரும்.

மீன்வழிப் புழுக்களில் என்னை மிகவும் பாதித்தது கேபிலேரியா ஃபிலிப்பினென்சிஸின் வரலாறு. 1963இல் பிலிப்பைன்சின் வடக்கு லூசான் பகுதியைச் சேர்ந்த ஒருவர் ஓயாத வயிற்றுப்போக்கோடு மணிலாவில் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் அவர் குடலில் அதுவரை யாரும் கண்டிராத, சில மில்லிமீட்டர் நீளமே உள்ள மெல்லிய புழுக்கள் ஏராளமாக இருந்தன. நான்கு ஆண்டுகளில் அதே லூசானின் இலோகோஸ் சுர் மாகாணத்துக் கடலோரக் கிராமங்களில் அது கொள்ளைநோயாக வெடித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றார்கள், பலர் இறந்தார்கள். வயிறு இரைந்துகொண்டே இருக்கும், நீராகப் போகும், உடலின் புரதம் குடல்வழியே வடிந்துபோய்க் கால் வீங்கும், மாதக்கணக்கில் இளைத்து உருக்குலைவார்கள். சிறிய நன்னீர், உவர்நீர் மீன்களை முழுசாகப் பச்சையாகத் தின்னும் பழக்கமே வழி என்று பிறகு தெரிந்தது. மீன் தின்னும் பறவைகளே இந்தப் புழுவின் இயற்கையான இருப்பிடம் என்று கருதுகிறார்கள்.

ஓரிரு மீனில் வந்த சில புழுக்கள் ஆளையே கொல்லும் அளவுக்கு எப்படிப் பெருகின? பெரும்பாலான குடற்புழுக்களுக்கு, முட்டை வெளியே போய் மண்ணிலோ நீரிலோ இன்னொரு உயிரிலோ கொஞ்சகாலம் கழித்தால்தான் அடுத்த தலைமுறை. உள்ளே பத்து இளம்புழு போனால் பத்துக்கு மேல் வளராது. கேபிலேரியாவின் பெண்புழுக்களில் சில முட்டைக்குப் பதிலாகக் குடலுக்குள்ளேயே இளம்புழுக்களை விடும். அவை அங்கேயே வளர்ந்து மறுபடி பெருகும். வேளைக்கு வேளை கணக்கு ஏறிக்கொண்டே போகும். சரியான மருந்து கொடுத்தால் குணமாகிற நோய்தான். ஆனால் அல்பெண்டசோலைப் பத்து நாள் தொடர்ந்து கொடுக்க வேண்டும்; ஒற்றை வேளைப் பூச்சி மருந்து போதாது. இதன் முட்டையும், சாதாரணக் குடற்புழுவான சாட்டைப்புழுவின் முட்டையைப் பார்த்தாற்போல் இருக்கும். அவசரமாகப் பார்க்கிற கண், சாட்டைப்புழு என்று எழுதிவிட்டால் நோயாளியின் உயிர் அந்த ஒரு சொல்லில் தொங்கும். தாய்லாந்து, எகிப்து, தைவான் என்று பிற நாடுகளிலும் இது பிறகு கண்டறியப்பட்டது. பறவைகள் எல்லை பார்ப்பதில்லை.

நன்னீர் மீன் வழியே வரும் நீளமான மீன் நாடாப்புழு, பி12 சத்தை உறிஞ்சிச் சிலருக்கு இரத்தசோகையைத் தரும். பன்றியைச் சார்ந்த பெரிய தட்டைப்புழுவான பாசியோலாப்சிஸ், நீர்த்தாவரங்களின் தோலைப் பல்லால் உரிக்கும்போது உள்ளே போகும். 1843இல் லண்டனில் இறந்த இந்திய மாலுமி ஒருவரின் குடலில்தான் அதை முதலில் கண்டார்கள். இவற்றை இத்தோடு விடுகிறேன்.

நாய்க்குத் திரும்புவோம், அங்கே இன்னொரு புழு இருக்கிறது. நாயின் கொக்கிப்புழுவான ஆன்சைலோஸ்டோமா கேனைனம், மனிதத் தோலுக்குள் புகுந்து அரிக்கும் கோடுகளை வரையும் என்றுதான் நெடுங்காலம் பாடப்புத்தகங்கள் சொன்னன. ஆஸ்திரேலியாவின் வடக்கு குயின்ஸ்லாந்தில் சிலருக்குக் காரணம் புரியாத கடும் வயிற்றுவலி வந்துகொண்டிருந்தது. இரத்தத்தில் இயோசினோஃபில் அணுக்கள் (ஒவ்வாமையிலும் புழுத்தொற்றிலும் கூடும் ஒருவகை வெள்ளணுக்கள்) ஏறியிருந்தன. சிறுகுடலின் கடைசிப் பகுதி வீங்கியிருந்தது. குடல்வால் அழற்சி என்று நினைத்துச் சிலரைத் திறந்தும் பார்த்தார்கள். ப்ரோசிவ், குரோஸ் என்ற இரு மருத்துவர்கள் 1990இல் விடையை வெளியிட்டார்கள். ஒரே ஒரு நாய்க் கொக்கிப்புழு குடல்சுவரைக் கவ்விக்கொண்டிருப்பதே போதும், அதை எதிர்த்து உடல் காட்டும் ஒவ்வாமைதான் நோய். அந்தப் புழு மனிதரில் முழுப் பருவத்துக்கு வளர்வதில்லை, முட்டையிடுவதில்லை. எனவே மலத்தை எத்தனை முறை சோதித்தாலும் சுத்தமாகத்தான் இருக்கும். மெபெண்டசோல் போன்ற எளிய மருந்திலேயே தீரும் நோய் அது, யாராவது நினைத்துப் பார்த்தால்.

இதற்கு நேர்மாறு ஆன்சைலோஸ்டோமா சிலானிகம். 1911இல் இலங்கையின் புனுகுப்பூனை ஒன்றிலிருந்து விவரிக்கப்பட்டது; இரண்டே ஆண்டுகளில் கிளேட்டன் லேன் என்பவர் வங்காளச் சிறைக் கைதிகளிடம் அதைக் கண்டார். நாய், பூனைகளின் புழுவான இது மனிதரில் முழுசாக வளர்ந்து முட்டையும் இடும். ஆனால் முட்டை மனிதக் கொக்கிப்புழுவின் முட்டையிலிருந்து வேறுபடுத்த முடியாதது. அதனால் பல பத்தாண்டுகள் இதை அரிதான ஒன்று என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். மரபணுவை வைத்து இனத்தைப் பிரித்தறியும் பிசிஆர் சோதனை வந்தபிறகுதான் தென்கிழக்காசியாவில் மனிதரிடம் காணப்படும் கொக்கிப்புழுக்களில் இது இரண்டாவது இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. இதன் விளைவு நடைமுறையில் பெரிது. மனிதருக்கு மட்டும் மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தால், தெருவில் திரியும் நாய்களிடமிருந்து அது திரும்பத் திரும்ப வரும். அரிய நோய் என்று நாம் அழைப்பவற்றில் எத்தனை உண்மையிலேயே அரியவை, எத்தனை பார்க்கத் தெரியாததால் அரியவை என்ற கேள்வியை இந்தப் புழுதான் எனக்குள் எழுப்பியது.

மருந்து கொடுப்பதே சிக்கலாகும் புழுவும் ஒன்று உண்டு. கோஸ்டாரிகாவில் மொரேரா, செஸ்பெடெஸ் இருவரும் 1971இல் விவரித்த ஆஞ்சியோஸ்ட்ராங்கைலஸ் கோஸ்டாரிசென்சிஸ் எலிகளின் குடல் இரத்தக்குழாய்களில் வாழ்வது; ஓடில்லா நத்தைகள் அதன் நடுவாள். நத்தையையோ அது ஒட்டியிருந்த கீரையையோ விழுங்கிய குழந்தைக்கு வலப்பக்க அடிவயிற்றில் வலி, காய்ச்சல், சில சமயம் தடவினால் தட்டுப்படும் கட்டி. முட்டைகள் குடல்சுவரிலேயே சிக்கிக்கொள்வதால் மலத்தில் வராது. புழுக்கொல்லி மருந்து இதில் பயன் தருவதாக நிரூபணமில்லை. புழுக்களைக் கலைத்து நிலைமையை மோசமாக்கலாம் என்ற அச்சமும் உண்டு. எந்தப் புழு என்று தெரியாமல் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்க்கும் வழக்கத்தை நான் எதிர்ப்பதற்கு இது ஒரு காரணம்.

புழுக்களைத் தவிர ஒற்றைச்செல் உயிரிகளும் உண்டு. பன்றிகளின் பெருங்குடலில் வாழும் பாலன்டிடியம் கோலை, மனிதருக்குத் தொற்றும் ஒற்றைச்செல் உயிரிகளிலேயே மிகப் பெரியது; குடலில் புண்ணாக்கிச் சீதபேதி போலக் காட்டும், டெட்ராசைக்ளினுக்குக் கட்டுப்படும். கன்றுக்குட்டிகளின் வயிற்றுப்போக்குக்குக் காரணமான கிரிப்டோஸ்போரிடியம் பார்வம், பண்ணைகளில் வேலை செய்பவர்களுக்கும் கால்நடை மருத்துவ மாணவர்களுக்கும் அடிக்கடி தொற்றுவது. இங்கே நடுவாள் யாரும் வேண்டாம், கையே போதும். குளோரினுக்கு அசையாது. வழக்கமான மலப் பரிசோதனையில் கண்ணில் படாது, தனிச் சாயம் பூசிப் பார்க்கச் சொல்லி மருத்துவர் கேட்டாக வேண்டும்.

விலங்குமீது பழிபோடும் முன் நிதானம் வேண்டும் என்பதற்கும் இதே உயிரிதான் உதாரணம். 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குடிநீர் வழியே கிரிப்டோஸ்போரிடியம் பரவி ஏறக்குறைய 4,03,000 பேர் நோயுற்றதாக மதிப்பிட்டார்கள். சுற்றுப்புறப் பண்ணை மாடுகள்மீது சந்தேகம் விழுந்தது. பின்னாளில் சேமித்த மாதிரிகளின் மரபணுவைப் பார்த்தபோது அது மனிதரிடையே சுற்றும் வகை என்று தெரிந்தது. வடக்கு டோகோவிலும் கானாவிலும் குடல்சுவரில் முடிச்சுகளை உண்டாக்கும் ஈசோஃபாகோஸ்டோமம் புழு குரங்குகளிடமிருந்து வருவதாக நெடுநாள் நினைத்தார்கள். மனிதரிடமிருந்த புழுவும் குரங்கிடமிருந்த புழுவும் மரபணுவில் வேறுபட்டன. அங்கே அது மனிதரிலிருந்து மண்ணுக்கும் மண்ணிலிருந்து மனிதருக்குமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

தொற்றே இல்லாமல் தொற்றுப் போலக் காட்டுவதும் உண்டு. ஆட்டு ஈரலோ மாட்டு ஈரலோ தின்றவரின் மலத்தில் ஈரல் தட்டைப்புழுவின் முட்டைகள் நிறையத் தெரியலாம். புழு அவருக்குள் இல்லை. விலங்கின் ஈரலில் இருந்த முட்டைகள் உணவோடு போய் அப்படியே வெளியே வருகின்றன. ஈரல் தின்பதைச் சில நாள் நிறுத்திவிட்டு மறுபடி சோதித்தால் முட்டைகள் மறைந்திருக்கும். இதைக் கேட்காமல் மருந்து எழுதப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கழிப்பறைக் கிண்ணத்தில் நெளிகிற எல்லாமும் குடலிலிருந்து வந்தவையும் அல்ல. மண்புழுவையும் குதிரைமுடிப் புழுவையும் அங்கிருந்து எடுத்து எங்களிடம் கொண்டுவருகிறார்கள். கொண்டுவருவது நல்லதே. பார்த்து, இல்லை என்று சொல்லிவிட்டால் ஒரு குடும்பத்தின் பயம் தீரும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அடுத்த முறை துண்டு தென்பட்டால், டிஷ்யூ தாளில் சுற்றி வைக்காதீர்கள். காய்ந்து சுருங்கி அடையாளம் போய்விடும். மூடியுள்ள சுத்தமான சிறு பாட்டிலில் சலைன் (மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்) கொஞ்சம் விட்டு அதில் போட்டு அன்றே கொடுங்கள். அன்றே முடியாதென்றால் 70 சதவீத ஆல்கஹாலில் போடலாம், மரபணுச் சோதனை தேவைப்பட்டாலும் அது ஒத்துவரும். துண்டு கிடைக்காவிட்டால் ஒருநாள்விட்டு ஒருநாள் மூன்று மல மாதிரிகள் கொடுங்கள். புழுக்கள் தினமும் முட்டையையோ துண்டையோ வெளியேற்றுவதில்லை, ஒரே மாதிரியை நம்பி முடிவுசெய்ய முடியாது. கூடவே ஒரு தாளில் எழுதுங்கள்: வீட்டிலும் பக்கத்திலும் உள்ள விலங்குகள், அவற்றின்மேல் தெள்ளு உண்டா, குழந்தை வாயில் எதை எதைப் போடுகிறது, பச்சை மீன் பழக்கம் உண்டா, இதுவரை கொடுத்த மருந்துகள், தேதிகள். அந்தத் தாள் மாதிரியோடு வந்தால் நாங்கள் தேடுவதே மாறும். கடும் வயிற்றுவலி, மலத்தில் இரத்தம், வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு, எடை குறைதல், கால் வீக்கம் இவற்றில் எதுவும் இருந்தால் மாதிரிக்காகக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

நாயை அனுப்ப வேண்டியதில்லை. கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் அதற்கும் பிராசிகுவான்டல் கொடுங்கள், ஆனால் அதை மட்டும் செய்தால் போதாது. தெள்ளு இருக்கும்வரை நாய் மூன்று வாரத்துக்குள் மறுபடி புழுவோடு நிற்கும். தெள்ளின் முட்டைகளும் கூட்டுப்புழுக்களும் நாயின் உடம்பில் இல்லை; படுக்கையிலும் விரிப்பிலும் தரை இடுக்கிலும் இருக்கின்றன. எனவே நாய்க்கு மாதாமாதம் தெள்ளு மருந்து, படுக்கைத் துணிகளை வெந்நீரில் துவைப்பது, தரையை வேக்கம் கிளீனரால் உறிஞ்சுவது இவற்றைச் சில மாதங்கள் விடாமல் செய்ய வேண்டும். வீட்டிலுள்ள எல்லா நாய் பூனைகளுக்கும் ஒரே சமயத்தில் செய்யுங்கள்.

நாய்க்குட்டிகளிடம் சகஜமாக இருக்கும் டாக்சோகாரா என்ற உருளைப்புழுவைப் பற்றியும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அதன் முட்டை குழந்தைக்குள் போனால் குடலில் தங்காது. இளம்புழு ஈரலுக்கும் சில சமயம் கண்ணுக்கும் அலையும், அதனால் மலத்தில் தேடிப் பயனில்லை, இரத்தத்தில்தான் பார்க்க வேண்டும். தடுப்பு எளிது. டாக்சோகாரா முட்டை மண்ணில் இரண்டு வாரமாவது கிடந்த பிறகுதான் தொற்றும் பருவத்தை அடைகிறது. நாய்க் கொக்கிப்புழுவின் முட்டைக்கும் சில நாள் வேண்டும். நாயின் மலத்தை அன்றன்றே அள்ளி அப்புறப்படுத்தினால் இரண்டுமே அந்தப் பருவத்துக்கு வரமுடியாது.